புதன்கிழமை இரவு 11.59: என்பிடெல் பிறந்த கதை

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி தாண்டி வருவது கவரைப்பேட்டை. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் 2024 அக்டோபரில்தான் தெரிந்தது. பாக்மதி எக்ஸ்பிரஸ் இங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிய இரவு அது. பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்க்க அலைந்த பெற்றோருக்கு அதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரைத் தெரியும். 1995ல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி இங்கே தொடங்கியது. 2001ல் ஆர்.எம்.டி., 2008ல் அதே குழுமத்தின் மூன்றாவது கல்லூரி. சிப்காட்டுக்குப் போகிற லாரிகளும் கல்லூரிப் பேருந்துகளும் ஒரே கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பங்கு போட்டுக்கொள்கிற ஊர்.

இந்தப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில், ஏன், தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரி விடுதியிலும், செமஸ்டர் நடக்கிற நாட்களில் புதன்கிழமை இரவு ஒரு பரபரப்பு இருக்கும். அசைன்மென்ட் போட்டாச்சா என்ற கேள்வி அறைக்கு அறை போகும். 11.59க்குள் விடையை அனுப்பியாக வேண்டும். 12 மணி ஆனால் முடிந்தது. துறைத் தலைவரிடம் போனாலும் பயனில்லை, முதல்வரிடம் போனாலும் பயனில்லை.

"சார், நெட் ஸ்லோவா இருக்கு சார். பத்து நிமிஷம் மட்டும் எக்ஸ்டென்ட் பண்ணச் சொல்லுங்க சார்."

"அது என் கையில இல்லப்பா. அங்க தானா மூடிக்கும். ஞாயித்துக்கிழமை பூரா என்ன பண்ணிட்டு இருந்தே?"

மென்டர் ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இடையே ஊருக்கு ஊர் நடக்கிற உரையாடல் இது. 'அங்க' என்று அவர் சொல்வது சென்னை ஐ.ஐ.டி.யை. மூடிக்கொள்வது என்பிடெல் என்று எல்லோரும் அழைக்கிற தளத்தில் இருக்கும் ஒரு பாடத்தின் வாராந்திர அசைன்மென்ட். தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம் என்பது அதன் முழுப் பெயரின் பொருள். இணையத்தில் பாடம் நடத்துவது இந்தியாவில் ஒரு தொழிலாக, ஆளும் அலுவலகமும் கால அட்டவணையும் கொண்ட வேலையாக உருவெடுத்ததில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பேராசிரியர் முன்னால் கேமரா வைத்த அன்று அது பிறந்ததாகத்தான் பொதுவாகச் சொல்வார்கள். கேமரா வந்து பத்து வருடம் கழித்துத்தான் இந்த 11.59 வந்தது. உண்மையான பிறப்பு அதுதான் என்பது என் கட்சி.

வானத்திலிருந்து வந்த வகுப்பு

கவரைப்பேட்டையிலிருந்து அதே ரயில் பாதையில் வடக்கே போனால் ஆந்திர எல்லைக்கு அப்பால் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புகிற நாளில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்து மொட்டை மாடிகளில் ஆட்கள் நிற்பது வழக்கம். 2004 செப்டம்பர் 20 அன்று அங்கிருந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் சுமந்து போனது எஜுசாட் என்ற செயற்கைக்கோளை. முழுக்க முழுக்கக் கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது.

தொலைவிலிருந்து பாடம் சொல்லும் ஆசை அதற்கும் மூத்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓர் ஆண்டுக்கு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். சைட் என்று பெயர். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984 ஆகஸ்டு 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' தொடங்கியது. மதிய வேளையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். 2003 ஜனவரி 26 அன்று ஐ.ஐ.டி. வகுப்புகளை ஒளிபரப்ப ஏகலைவ்யா என்ற சேனல் வந்தது. கட்டை விரலைக் காணிக்கையாகக் கொடுத்தவன் பெயரை ஐ.ஐ.டி. பாடத்துக்கு வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. பாடம் போய்ச் சேரும், திரும்பி எதுவும் வராது. பார்த்தவன் யார், புரிந்ததா, பாதியில் எழுந்து போனானா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. எஜுசாட்டில் திருப்பிக் கேள்வி கேட்கும் வசதி இருந்தது. அதற்கான கருவிகள் பொருத்திய வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால்தான் அது பயன்படும். 2010ல் எஜுசாட்டின் ஆயுளும் முடிந்தது.

ஆசிரியர் எங்கே?

என்பிடெல் பிறக்கக் காரணம் தொழில்நுட்ப மோகம் மட்டும் என்று சொல்ல முடியாது. வாத்தியார் பஞ்சம்தான் பெரிய காரணம். எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1980களின் நடுவில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. தொண்ணூறுகளில் ஐ.டி. அலை வந்ததும் நெடுஞ்சாலை ஓரங்களில் கல்லூரிகள் எழுந்தன. பின்னாளில் தமிழ்நாட்டில் மட்டும் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. கட்டடத்தை ஒரு வருடத்தில் எழுப்பலாம். தெர்மோடைனமிக்ஸ் நடத்த நல்ல ஆசிரியரை உருவாக்கப் பத்து, பன்னிரண்டு வருடம் ஆகும். நேற்று பி.இ. முடித்தவர் இன்று விரிவுரையாளர் என்ற நிலை பல கல்லூரிகளில் இருந்தது. படித்தவருக்கு ஐ.டி. கம்பெனியில் கூடுதல் சம்பளம் கிடைக்கும்போது எம்.இ. படித்து வகுப்பெடுக்க எத்தனை பேர் வருவார்கள்?

கிண்டிக் காட்டுக்குப் பக்கத்தில், 1959ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யில், ஒரு பேராசிரியர் வருடத்துக்கு ஐம்பது, நூறு பேருக்கு நடத்திக்கொண்டிருந்தார். அதே பாடம், கிட்டத்தட்ட அதே புத்தகம், ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வகுப்பறையில் ஆளில்லாமல் காத்திருந்தது. 1999ல் ஐ.ஐ.டி.க்களும் ஐ.ஐ.எம்.களும் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் கலந்து பேசியதில் இந்த இடைவெளியை நிரப்பும் யோசனை உருவானது. இணையம் வழியாகவும் வீடியோ வழியாகவும் ஐ.ஐ.டி. பாடங்களை எல்லோருக்கும் தருவது.

அரசாங்கக் கோப்பு நகர்வதற்குள் 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை எல்லாம் இலவசமாக இணையத்தில் போடப்போவதாக அறிவித்துவிட்டது. ஓப்பன் கோர்ஸ்வேர் என்று உலகமே அதைக் கொண்டாடியது. நம் ஆட்களின் யோசனை அதைப் பார்த்துப் பிறந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. தேதியை வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. ஆனால் டெல்லியில் கோப்பை நகர்த்த அந்தச் செய்தி உதவாமல் இருந்திருக்காது.

2001ல் சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக வந்த வேதிப் பொறியியல் பேராசிரியர் எம்.எஸ். அனந்த் இந்தத் திட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். 2011 வரை அவர்தான் இயக்குநர். வேதியியல் பேராசிரியர் மங்கள சுந்தர் கிருஷ்ணன் திட்டத்தின் அன்றாட வேலையை இழுத்துச் சென்றார். 2003ல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் சுமார் 20 கோடி ரூபாய் ஒதுக்கியது. பம்பாய், டெல்லி, குவஹாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்தன. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் என்று ஐந்து துறைகள். அவற்றோடு எல்லோரும் படிக்கிற அறிவியல் பாடங்கள். முதல் கட்டத்தில் 235 பாடங்கள் தயாராயின. ஐ.ஐ.டி.யின் சொந்தப் பாடத்திட்டத்தை அப்படியே தராமல், ஏ.ஐ.சி.டி.இ. மாதிரிப் பாடத்திட்டத்தையும் பெரிய இணைப்புப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களையும் பார்த்து வகுத்தார்கள். யாருக்காகச் செய்கிறோம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே தெளிவு இருந்தது.

ஆளில்லாத வகுப்பு

ஒரு வீடியோ பாடம் என்றால் சுமார் நாற்பது மணி நேரம். அதைப் பதிவு செய்வது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபது வருடம் வகுப்பெடுத்த பேராசிரியர். கடைசி பெஞ்சில் ஒருவன் புருவத்தைச் சுருக்கினால் சமன்பாட்டை இன்னொரு முறை எழுதிக் காட்டுவார். நடு பெஞ்சில் கொட்டாவி வந்தால் ஒரு கதை சொல்வார். இப்போது அவரை ஏசி போட்ட ஸ்டூடியோவில் நிறுத்துகிறார்கள். சட்டையில் மைக் குத்தியாகிவிட்டது. வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. கண்ணாடிக்கு அப்பால் ஹெட்போன் மாட்டிய ஒருவர் கையைக் காட்டுகிறார். எதிரே ஒரு லென்ஸ். பழக்கதோஷத்தில் 'புரிகிறதா' என்று கேட்டுவிட்டு அவரே இரண்டு விநாடி நிற்கிறார். லென்ஸ் பதில் சொல்லாது. பழைய என்பிடெல் வீடியோக்களில் அந்த இரண்டு விநாடி மௌனத்தை இன்றும் பார்க்கலாம். சில பாடங்களுக்கு நாலைந்து மாணவர்களை எதிரே உட்கார வைத்ததும் உண்டு. முகம் பார்க்காமல் நடத்த எல்லோருக்கும் வராது.

தயாரித்தாயிற்று. கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? 2004ல் இந்திய அரசு வகுத்த கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பிராட்பேண்ட் என்று பெயர். அந்த வேகத்தில் ஒரு மணி நேர வகுப்பை இறக்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் இணையக் கல்வி முதலில் ஹார்டு டிஸ்க்கிலும் டி.வி.டி.யிலும் பயணம் செய்தது. கல்லூரிகள் அந்த டிஸ்க்கை வாங்கி நூலகத்துச் சர்வரில் ஏற்றிவைத்தன. ஆய்வுக் குழு வரும்போது, 'எங்களிடம் என்பிடெல் இருக்கிறது' என்று காட்டலாம். சில இடங்களில் மாணவர்கள் பார்த்தார்கள். பல இடங்களில் டிஸ்க் பத்திரமாக இருந்தது.

அடுத்து யூடியூப். 2000களின் பிற்பகுதியில் என்பிடெல் தன் வீடியோக்களை அங்கே ஏற்றத் தொடங்கியது. அமைச்சகத்தின் பெயரையும் சேர்த்து 'என்பிடெல்எச்ஆர்டி' என்று அந்தச் சேனலுக்குப் பெயர். பல்கலைக்கழகப் பாடங்களுக்கு உலகத்திலேயே பெரிய யூடியூப் சேனல்களில் ஒன்றாக அது வளர்ந்தது. தேர்வுக்கு முந்தைய இரவில் 1.5 வேகத்தில், தைரியசாலிகள் 2 வேகத்தில், ஒரு செமஸ்டரை ஓட்டிப் பார்க்கும் கலையும் அதோடு பிறந்தது. கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அது பொக்கிஷம்.

ஆனாலும் ஒன்று குறைந்தது. வீடியோ எப்போதும் அங்கேயே இருக்கிறது, நாளைக்கும் பார்க்கலாம். நாளைக்கும் பார்க்கலாம் என்பதால் இன்றைக்குப் பார்ப்பதில்லை. அலமாரியில் புத்தகம் இருப்பது படிப்பாகாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். முதல் வகுப்பின் பார்வையாளர் எண்ணிக்கையையும் முப்பதாவது வகுப்பின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை புரிந்துவிடும்.

2014: கதவும் பூட்டும்

2011 இலையுதிர் காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் பதிந்தார்கள். அடுத்த வருடமே கோர்செரா, எட்எக்ஸ். பெருந்திரளுக்கான திறந்த இணையப் பாடத்தைக் குறிக்கும் மூக் என்ற சொல் எங்கும் பரவி, பல்கலைக்கழகங்களுக்கே வேலையில்லாமல் போய்விடும் என்று பத்திரிகைகள் எழுதின. கொஞ்ச நாளில் உண்மை தெரிந்தது. பதிகிற நூறு பேரில் பத்துப் பேர் முடித்தால் பெரிது.

சென்னை ஐ.ஐ.டி.யில் அப்போது என்பிடெல்லின் அடுத்த கட்டத்தைக் கையில் எடுத்தவர்கள் மின்பொறியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ தங்கராஜும் உலோகவியல் துறையின் பிரதாப் ஹரிதாஸும். 2014 மார்ச்சில் முதல் சான்றிதழ்ப் பாடம் தொடங்கியது. புரோகிராமிங், டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம். நாஸ்காமும் ஐ.டி. நிறுவனங்களும் ஆதரவாக இருந்தன. மென்பொருளைப் புதிதாகக் கட்டாமல், கூகுள் இலவசமாக வெளியிட்டிருந்த கோர்ஸ் பில்டரை எடுத்துக்கொண்டார்கள்.

வீடியோவைப் பொறுத்தவரை பெரிய மாற்றமில்லை. ஒரு மணி நேர வகுப்பு இருபது, முப்பது நிமிடத் துண்டுகளானது. கரும்பலகைக்குப் பதில் பேனாவால் எழுதும் கணினித் திரை வந்தது. மாறியது வேறு. பாடத்துக்குத் தொடக்க நாள், முடிவு நாள். 4, 8 அல்லது 12 வாரம். ஒவ்வொரு வாரமும் அசைன்மென்ட், அதற்கு ஒரு கெடு. கடைசியில் ஒரு மையத்துக்கு நேரில் போய், அடையாள அட்டையைக் காட்டி, மூன்று மணி நேரம் கண்காணிப்பாளர் முன்னிலையில் எழுதும் தேர்வு. பாடத்தில் சேர ஒரு பைசா இல்லை. தேர்வுக்குப் பல வருடங்கள் ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சான்றிதழிலேயே பார்க்கலாம். கையில் கிடைத்தால் மேலே இருக்கிற முத்திரையை விட்டுவிட்டு எண்களைப் படியுங்கள். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று இரண்டும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். அந்தப் பாடத்தில் மொத்தம் எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்ற எண்ணும் இருக்கும். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரிதான் கணக்கில் வரும். காய்ச்சலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். அசைன்மென்டில் 25க்குக் குறைந்தது 10, தேர்வில் 75க்குக் குறைந்தது 30, இரண்டும் எடுத்தால்தான் சான்றிதழ். 60க்கு மேல் எலைட், 75க்கு மேல் வெள்ளி, 90க்கு மேல் தங்கம். அசைன்மென்டில் 25க்கு 25 வாங்கி, தேர்வில் 31 வாங்கியவரின் கதை அந்தத் தாளில் அப்பட்டமாகத் தெரியும். நேர்முகத் தேர்வில் இதைக் கவனிக்கிறவர்கள் உண்டு, மாணவர்கள் ஜாக்கிரதை.

கல்லூரி வாசலுக்கு வந்தபோது

தனி மாணவரை மட்டும் நம்பியிருந்தால் இதுவும் பத்துக்கு ஒருவர் முடிக்கிற இன்னொரு மூக் ஆகியிருக்கும். என்பிடெல் அடுத்துச் செய்ததுதான் நம் ஊர்ச் சூழலை அறிந்தவர்கள் செய்யக்கூடியது. கல்லூரிக்குள் 'லோக்கல் சாப்டர்' அமைத்தது. ஒவ்வொரு சாப்டருக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவர் பொறுப்பு. அவருக்கு ஸ்பாக் என்று பெயர். அவருக்குக் கீழே பாடத்துக்கு ஒரு மென்டர். சென்னையில் இருக்கும் பேராசிரியர் திரையில் நடத்துவார். பையன் அசைன்மென்ட் போட்டானா என்று விரட்ட உள்ளூரில் ஒருவர் இருப்பார். கல்லூரிகளுக்குத் தரவரிசை போட்டதும் நிர்வாகங்களுக்குச் சுறுசுறுப்பு வந்தது. ஆசிரியர்களும் மாணவர்களோடு உட்கார்ந்து தேர்வெழுதலாம். எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்களை ஏ.ஐ.சி.டி.இ. ஆசிரியர் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது. மாணவன் தங்கம் வாங்கி, அவனுக்கு நடத்துகிற ஆசிரியர் வெறும் சான்றிதழ் வாங்கிய கல்லூரிகளும் இருக்கத்தான் செய்யும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுதினாரே.

அடுத்தது கிரெடிட். 2016ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறை, ஒரு செமஸ்டரின் பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் என்ற மத்திய அரசு இணையக் கல்வித் தளத்தின் பாடங்களாக இருக்கலாம் என்றது. 2021ல் அது 40 சதவீதமானது. ஸ்வயம் தளத்தையே குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2017 ஜூலை 9 அன்று தொடங்கிவைத்தார். பொறியியல் பாடங்களுக்கு அதில் தேசிய ஒருங்கிணைப்பாளர் என்பிடெல்தான். 12 வாரப் பாடம் 3 கிரெடிட். ஒரு எலெக்டிவ் பாடத்தை இங்கே முடித்தால் கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப்புக்கு நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிற மாணவர்கள் வந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்ததும் கைபேசியே வகுப்பறையானது. லோக்கலில் பொன்னேரிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் நடுவே ஒரு வாரப் பாடத்தில் பாதியை முடித்துவிடலாம்.

புது வேலைகள்

இந்தக் கதையில் பேராசிரியர்களின் பெயர்கள்தான் வெளியே தெரியும். உள்ளே ஒரு புதுத் தொழிலே பிறந்தது. டிஜிட்டல் ஸ்ட்ராடஜி என்று வேலை விளம்பரங்களில் பார்க்கிறோமே, கல்வியில் அதன் பொருள் என்ன என்று கேட்டால் இந்த அலுவலகங்களைக் காட்டலாம். ஒரு பாடத்தை எட்டு வாரமாக வைப்பதா, பன்னிரண்டாக வைப்பதா? கல்லூரி செமஸ்டர் முடியும் முன் தேர்வு வைக்க முடியுமா? முதல் அசைன்மென்டை எல்லோராலும் போட முடிகிற அளவில் வைப்பதா, ஆரம்பத்திலேயே வடிகட்டுவதா? கெடுவுக்கு எத்தனை மணி நேரம் முன்பு நினைவூட்டல் மெயில் போக வேண்டும்? இவற்றை முடிவு செய்ய ஆள் வேண்டும். வீடியோவை வெட்டி ஒட்ட, பேச்சை எழுத்தாக்க, கேள்வித்தாளில் இரண்டு விடை சரியாக இருந்துவிடாமல் பார்க்க, நள்ளிரவில் வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல ஆராய்ச்சி மாணவர்கள், நேரலை வகுப்பெடுக்கப் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவர்கள் என்று வேலைகள் கிளை விட்டன.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் தாங்களே பொறியியல் படித்தவர்கள். கேமராவும் தெரிய வேண்டும், கார்னோ சுழற்சியும் தெரிய வேண்டும். பேராசிரியர் 'சிக்மா' என்று சொன்னதைச் சப்டைட்டிலில் 'சிக்னல்' என்று போட்டால் ஆயிரக்கணக்கான பேர் தப்பாகப் படிப்பார்கள். பாடம் புரியாதவர் செய்கிற எடிட்டிங் கல்வியில் எடுபடாது. இந்தத் துறைக்கும் மற்ற டிஜிட்டல் வேலைகளுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

குறைகளும் உண்டு. அசைன்மென்ட் விடைகள் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செவ்வாய்க்கிழமையே உலா வருகின்றன. விடை சொல்வதற்கென்றே யூடியூப் சேனல்கள் உண்டு. 25 மதிப்பெண்ணை எளிதில் வாங்கிவிடலாம், 75ஐ அப்படி வாங்க முடியாது என்ற ஒன்றுதான் காப்பு. சில நிர்வாகங்களுக்கு அங்கீகார ஆய்வின்போது காட்டச் சான்றிதழ்களின் எண்ணிக்கை வேண்டும், அதனால் விருப்பமில்லாத மாணவரையும் பதிய வைப்பார்கள். அப்புறம் மொழி. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலப் பேச்சின் வேகம் முதல் வாரமே மலைப்பைத் தரும். 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் பாடங்களைத் தமிழில் தொடங்கியது. என்பிடெல்லும் பாடங்களின் எழுத்து வடிவத்தைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. மொழிபெயர்த்த எழுத்து உதவும். தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே கரும்பலகையில் எழுதி நடத்துகிற பேராசிரியருக்கு அது ஈடாகாது.

பட்டமாக வளர்ந்தது

2020 ஜூன் 30 அன்று, ஊரே முடங்கிக் கிடந்த காலத்தில், சென்னை ஐ.ஐ.டி. புரோகிராமிங், டேட்டா சயின்ஸ் பாடத்தில் இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. பாஸ்கர் ராமமூர்த்தி அப்போது இயக்குநர். பின்னணியில் வேலை செய்தவர்கள் அதே தங்கராஜும் ஹரிதாஸும். பள்ளிக்கூடங்கள் ஜூமில் வகுப்பெடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்களிடம் ஆறு வருடத்து அனுபவம் இருந்தது. ஜே.இ.இ. இல்லை. நாலு வாரம் பாடம் படித்து, வாராவாரம் அசைன்மென்ட் முடித்து, நேரில் தகுதித் தேர்வு எழுதினால் இடம். இருக்கிற இடம் எவ்வளவோ, அத்தனை பேருக்குத்தான் என்ற கணக்கு கிடையாது. தகுதி பெற்ற எல்லோருக்கும் இடம் உண்டு. அடிப்படைக் கட்டம், டிப்ளமோ, பட்டம் என்று எந்தப் படியிலும் இறங்கிக்கொள்ளலாம். வசதியில்லாதவர்களுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. வகுப்பு இணையத்தில் நடந்தாலும் தேர்வு மையத்துக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். 2014ல் போட்ட பூட்டு அப்படியே இருக்கிறது. 2023ல் எலெக்ட்ரானிக்ஸ் பாடத்துக்கும் இதே மாதிரி ஒரு பட்டம் வந்தது.

1975லிருந்து கணக்குப் போட்டால் செயற்கைக்கோள், தொலைக்காட்சி, ஹார்டு டிஸ்க், யூடியூப் என்று நாலு வாகனங்களை மாற்றிப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றும் வந்தபோது இனி ஊர்தோறும் கல்வி என்றார்கள். பாடம் ஊர்தோறும் போனது. படிப்பு வந்தது எப்போது என்றால், கெடு வைத்து, விரட்ட ஓர் ஆளை வைத்து, கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆளை வைத்து, நேரில் உட்கார வைத்துத் தேர்வெழுதச் சொன்னபோது. இந்த நான்கும் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைக்கே தெரிந்தவை. ஐ.ஐ.டி. செய்தது, அதை லட்சக்கணக்கான பேருக்குச் செய்து காட்டியது.

கல்விச் செயலி வியாபாரத்தில் கோடிகள் கொட்டியவர்கள் இதைத்தான் தவறவிட்டார்கள். அழகான அனிமேஷனுக்கும் நட்சத்திர விளம்பரத்துக்கும் செலவு செய்தவர்கள், புதன்கிழமை இரவு ஒரு பிள்ளையை உட்கார வைப்பது எப்படி என்று யோசிக்கவில்லை.

கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை சான்றிதழ் என்று எண்ணாதீர்கள், தேர்வில் 75க்கு எவ்வளவு வாங்கினார்கள் என்று பாருங்கள். இந்தத் துறையில் வேலை தேட நினைக்கிற இளைஞர்கள் வீடியோ எடிட்டிங் வகுப்பில் சேருவதற்கு முன்னால் ஒரு 12 வாரப் பாடத்தை முழுதாக முடித்துப் பாருங்கள். எந்த வாரத்தில் சலிப்பு வருகிறது, எந்த மெயில் உங்களைத் திரும்ப உட்கார வைத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புதான் இந்தத் தொழிலுக்கு முதலீடு. ஜனவரியிலும் ஜூலையிலும் புதுப் பாடங்கள் தொடங்கும். சேருவதற்குக் கட்டணம் கிடையாது.